சகலையின் மைலேஜ்

சனிக்கிழமை சாயங்காலம் நெருங்கினாலே ராக்கெட்டுக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிடும். அன்றைக்குத்தான் முதலாளியம்மா தன்னுடைய இரண்டு வாடகைக் கார்களையும் முக்குப் பெட்ரோல் பங்கில் நிறுத்தி, இரண்டு டேங்கையும் வழிய வழிய நிரப்பச் சொல்வார். போன சனிக்கிழமையிலிருந்து ஓடின கிலோமீட்டரை, அந்த வாரம் குடித்த லிட்டரால் வகுத்து அங்கேயே உரக்கச் சொல்வார்.

"ராக்கெட், பதினாலு. பூனை, பதினாறு."

ராக்கெட் என்பது ஒரு காரை ஓட்டுகிறவன். முன்பு ஆம்புலன்ஸ் ஓட்டிய ஆள். அந்த வேகம் காலைவிட்டுப் போகாததால் வந்த பெயர். பூனை என்பது இன்னொரு காரை ஓட்டுகிறவன். அவன் வண்டி வந்து நிற்கிற சத்தம்கூடக் கேட்காது. இவ்வளவோடு போயிருந்தால் தொழில் போட்டி என்று விட்டுவிடலாம். ஆனால் பூனை ராக்கெட்டுக்குச் சகலை. ராக்கெட் அக்காவைக் கட்டியவன், பூனை தங்கையைக் கட்டியவன். ஒரே மாமனார் வீட்டில் இரண்டு மாப்பிள்ளைகள் என்றால் எப்படி இருக்கும் என்று கல்யாணமான ஆண்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அதிலும் பாருங்கள், பூனையை இந்த வேலையில் சேர்த்துவிட்டதே ராக்கெட்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மனைவியின் நச்சரிப்புத் தாங்காமல் முதலாளியம்மாவிடம் கூட்டிக்கொண்டு போய், "நம்ம பையன்தாம்மா, தங்கமான குணம்" என்று சொன்ன வாய் இதே வாய்தான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்ட கதை.

பெட்ரோல் விலை மூன்று மாதத்தில் ஐந்து தடவை ஏறியது. ஐந்தாவது தடவை ஏறிய அன்று முதலாளியம்மா இருவரையும் ஷெட்டுக்குப் பக்கத்திலிருக்கும் ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார். ஒரு மேசை, ஒரு மின்விசிறி, சாவி மாட்டுகிற ஆணிகள், அவ்வளவுதான் அந்த ஆபீஸ். அவர் ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டே பேசுவார். எவ்வளவு கெட்ட செய்தியாக இருந்தாலும் பழத்தோலை ஒரே துண்டாக உரித்து எடுத்துவிடுவார்.

"ரெண்டு வண்டிக்குப் பெட்ரோல் போட்டு எனக்குக் கட்டுப்படியாகல. மாசக் கடைசியில ஒண்ண வித்துடப் போறேன். ரெண்டும் ஒரே மாடல், ஒரே நாள்ல வாங்கினது. யாரு லிட்டருக்கு அதிகம் ஓட்டுறீங்களோ அவங்க இருங்க. இன்னொருத்தர் வேற இடம் பாத்துக்குங்க. நான் ஒண்ணும் கொடுமைக்காரி இல்லப்பா. விலைதான் கொடுமை பண்ணுது."

நான்கு சனிக்கிழமைகள். நான்கிலும் பார்த்து முடிவு. வேறு இடம் என்று வாயால் சொல்லிவிடலாம். ஊரில் பாதி வாடகை வண்டிகள் ஷெட்டிலேயே துருப்பிடிக்கும்போது, நாற்பத்தாறு வயதுக்காரனுக்கு எவன் சாவியைக் கொடுப்பான்?

முதல் சனிக்கிழமை பதினாலு, பதினாறு என்று வந்தது. ராக்கெட் அன்று முதல் தவம் செய்கிறவன்போல் வண்டி ஓட்டினான். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் ஆக்ஸிலேட்டரைத் தொட்டான். டிக்கியிலிருந்து ஜாக்கியையும் ஸ்டெப்னியையும் எடுத்து ஷெட்டில் வைத்தான். சிக்னலில் சிவப்பு விழுந்ததும் இன்ஜினை நிறுத்தினான். மேம்பால இறக்கத்தில் நியூட்ரலில் விட்டான். ஏ.சி. ரிப்பேர் என்று சொல்லி, கோட்டு போட்ட ஒரு மனிதரை விமான நிலையம் வரைக்கும் வேகவைத்துக் கொண்டுபோய் இறக்கினான். அவர் இறங்கும்போது கோட்டைப் பிழிந்திருந்தால் அரை லிட்டர் வந்திருக்கும், ஆனால் அது பெட்ரோலாக இருக்காது. கொஞ்சம் பருமனான பயணியைக் கண்டால் ராக்கெட்டின் முகம் சுருங்கியது. மூன்று பெட்டியோடு ஒரு அம்மா நின்றபோது, "பெட்டியெல்லாம் அவசியமா எடுத்துட்டுப் போகணுமா?" என்றே கேட்டுவிட்டான்.

ஆனால் பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே. முன்னால் ஒரு வண்டி மெதுவாகப் போனால் அவனுடைய கால் அவனைக் கேட்காமலேயே அழுத்திவிடும். மிச்சம் பிடித்ததெல்லாம் அந்த ஓர் அழுத்தில் போய்விடும். இது அவனுக்குத் தெரியாதா என்றால், தெரியும். ஒத்துக்கொள்ளத்தான் மனசு வரவில்லை.

வீட்டிலும் நிம்மதி இல்லை. அக்காவும் தங்கையும் தினமும் போனில் பேசுவார்கள். பேசி முடித்ததும் மனைவி அந்த ஒலிபரப்பை அவனுக்கு மறுஒலிபரப்பு செய்வாள்.

"அவங்க வீட்டுல இப்ப பாலே வாங்குறதில்லையாம். கறுப்பு டீதான். உடம்புக்கு அதுதான் நல்லதுன்னு தங்கச்சி சொல்றா."

"பெரிய சீமை வீட்டுக்காரங்க. உடம்பப் பாத்துக்குறாங்களாம்."

"அவர் பஸ்ல போறதையும் விட்டுட்டாராம். வீட்டுலேர்ந்து ஷெட்டுக்கு நடந்தேதான் வர்றாராம். நீங்களும் கொஞ்சம் நடக்கலாம், தொப்பை குறையும்."

ராக்கெட் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். சகலை நடக்கிறானாம், இளைக்கிறானாம், கறுப்பு டீ குடிக்கிறானாம். பதினாறு கிலோமீட்டர் ஓட்டுகிறவன் எது செய்தாலும் அழகுதான். அன்றைக்கு இரவு தூக்கத்தில்கூட அவனுக்குப் பதினாறு என்ற எண் மட்டும் வந்து வந்து போனது.

இரண்டாவது சனிக்கிழமையும் அதே பதினாலு, அதே பதினாறு. அதற்குமேல் ராக்கெட்டால் பொறுக்க முடியவில்லை.

"அம்மா, அவன் வண்டி நல்ல வண்டி. என் வண்டி இன்ஜின்ல ஏதோ கோளாறு இருக்கு. மாத்திக் குடுத்துப் பாருங்க."

முதலாளியம்மா பூனையைப் பார்த்தார். அவன் மறுபேச்சுப் பேசவில்லை. "அண்ணன் கேக்குறார்னா குடுத்துடலாம்மா" என்று சாவியை நீட்டினான். மறுத்துச் சண்டை போட்டிருந்தால்கூட ராக்கெட்டுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். தான் கேட்டால் ஒரு பேச்சுக்காவது முறைக்க வேண்டாமா? இந்த நல்லபிள்ளைத்தனம்தான் அவனுக்கு வேப்பங்காயாகக் கசந்தது.

பூனையின் காரில் ஏறி உட்கார்ந்தபோது சீட்டில் ஒரு தூசி இல்லை. கண்ணாடியில் ஒரு கைரேகை இல்லை. ராக்கெட் தன்னுடைய குஷனையும் துண்டையும் தண்ணீர் பாட்டிலையும் கொண்டுவந்து போட்டு அரை மணி நேரத்தில் அதைத் தன் வண்டியாக்கினான். இனிமேல் பதினாறு எனக்கு, பதினாலு உனக்கு என்று சிரித்துக்கொண்டான்.

மூன்றாவது சனிக்கிழமை.

"ராக்கெட், பதினாலு. பூனை, பதினாறு."

பெட்ரோல் போடுகிற பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வண்டி மாறியும் எண் மாறவில்லை. அது ஆளோடு வந்து ஒட்டிக்கொண்டுவிட்டது. ராக்கெட்டுக்குக் காதில் புகை வராத குறை.

வண்டியில் கோளாறு இல்லையென்றால் ஆளில் ஏதோ இருக்கிறது என்று அவன் முடிவு கட்டினான். தன்னைவிட ஒருவன் நன்றாக ஓட்டுகிறான் என்று நினைக்க அவனால் முடியாது. பூனை ஏதோ திருட்டுத்தனம் செய்கிறான். அதைக் கண்டுபிடித்தே தீருவது என்று நான்காவது வாரம் கிளம்பினான்.

பெட்ரோலை மிச்சம் பிடிக்கும் ரகசியத்தைத் தெரிந்துகொள்ள, அவன் எவ்வளவு பெட்ரோலைச் செலவழித்தான் என்பதை எழுதினால் படிக்கிற உங்களுக்கே வயிறு எரியும். திங்கட்கிழமை பூனை ஒரு பயணியை ஏற்றிக்கொண்டு துறைமுகம் போனான். ராக்கெட் காலி வண்டியோடு பின்னாலேயே போனான். அங்கே பூனை ஒரு மரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு, திரும்பிப் போகிற பயணி கிடைக்கும்வரை மூன்று மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தான். ராக்கெட்டும் ஒரு லாரியின் மறைவில் மூன்று மணி நேரம், வெயிலுக்கு ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு, இன்ஜினை ஓடவிட்டபடி காவல் காத்தான். புதன்கிழமை ஆஸ்பத்திரி வரை. வியாழக்கிழமை கோர்ட் வரை. எதிரிக்குச் சகுனத்தடையாகட்டும் என்று தன் மூக்கை அறுத்துக்கொண்டவனாவது ஒரு தடவைதான் அறுத்தான். இவன் தினமும் அறுத்தான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பலன் கிடைத்தது.

பூனை முக்குப் பங்கைத் தாண்டி, ஊருக்கு வெளியே இருக்கிற வேறொரு பங்குக்குப் போனான். வண்டியை வெளியிலேயே நிறுத்திவிட்டு, ஒரு வெள்ளைக் கேனை எடுத்துக்கொண்டு உள்ளே நடந்தான். ஐந்து லிட்டர் கேன். திரும்பி வந்து, கார் கழுவுகிற இடத்தின் பின்சுவர் ஓரமாக வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினான். இரண்டு பக்கமும் பார்த்தான். ஒரு பழைய பிளாஸ்டிக் பாட்டிலை வெட்டிச் செய்த புனலை டேங்கில் செருகி, ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றினான்.

மதில் மூலையிலிருந்து எட்டிப் பார்த்த ராக்கெட்டுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. திருடுகிறவன் டேங்கிலிருந்து எடுப்பான், இவன் ஏன் ஊற்றுகிறான்? அப்புறம் மண்டையில் உறைத்தது. முதலாளியம்மாவின் கணக்குக்குத் தெரியாமல் வாரம் ஐந்து லிட்டர் உள்ளே போனால், சனிக்கிழமை அவர் நிரப்புவது ஐந்து லிட்டர் குறையும். வண்டி காற்றைக் குடித்து ஓடுவதுபோல் தெரியும். அதுதான் அந்தப் பதினாறு!

பால் நின்றது எதற்கு, பஸ் நின்றது எதற்கு என்பதும் அந்த நிமிஷமே அவனுக்கு விளங்கியது. இந்த இடத்தில் அவனுக்கு இரக்கம் வந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது. பல வாரங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவன் வயிறு குளிர்ந்தது. இரவு வீட்டில் இரண்டு தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

"என்னங்க, லாட்டரி ஏதாவது விழுந்துச்சா?" என்றாள் மனைவி.

"நாளைக்கு உன் தங்கச்சி உனக்குப் போன் பண்ணுவா. அப்பத் தெரியும்."

மறுநாள் காலை பூனை வருவதற்கு முன்பே ராக்கெட் ஆபீஸ் அறைக்குள் நுழைந்தான். முதலாளியம்மா அப்போதுதான் முதல் பழத்தை எடுத்திருந்தார். ராக்கெட் கதவைச் சாத்திவிட்டு, வேறொரு பங்கு, வெள்ளைக் கேன், பின்சுவர், புனல் என்று ஒன்று விடாமல் சொன்னான். சொந்தக்காரன் என்றுகூடப் பார்க்காமல் உண்மையைச் சொல்ல வேண்டியதாகிவிட்டது என்று கடைசியில் பெருமூச்சும் விட்டான்.

முதலாளியம்மா உரிப்பதை நிறுத்தினார்.

"யாரு காசுல வாங்குறான்?"

"அவன் காசுலதாம்மா."

"நான் பெட்ரோலுக்குக் குடுக்குற கூப்பன்ல இல்லையே?"

"இல்லம்மா. ஆனா ஏமாத்துறான்ல? அந்தப் பதினாறு பொய்தானே?"

அவர் சிரிக்க ஆரம்பித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தார்.

"ஏம்பா, முப்பது வருஷமா வண்டி வெச்சிருக்கேன். டேங்க்லேர்ந்து உறிஞ்சின டிரைவரப் பாத்திருக்கேன். பில்லுல எழுதி அடிச்சவனப் பாத்திருக்கேன். சொந்தக் காசுல என் வண்டிக்குப் பெட்ரோல் ஊத்துறவன இப்பத்தான் கேள்விப்படுறேன். இவனையா வெளிய அனுப்பச் சொல்றே?"

ராக்கெட் திருதிருவென்று விழித்தான். இப்படி ஒரு பதில் வரும் என்று அவன் கனவிலும் நினைக்கவில்லை. போட்ட திட்டம் கண்முன்னால் தலைகீழாக நின்றது. பூனை மாட்டிக்கொள்வான் என்று வந்தால், பூனைக்கு மாலை விழுகிறது. அதுவும் இவன் தொடுத்துக் கொண்டுவந்த மாலை.

"வாரத்துக்கு எத்தனை லிட்டர் ஊத்துறான்?"

"அஞ்சும்மா. கேன நானே கண்ணால பாத்தேன்."

முதலாளியம்மா பழத்தோலின் கடைசிச் சுற்றையும் உரித்து முடித்து மேசையில் வைத்தார்.

"சரி, நீ எத்தனை ஊத்துவே?"

இது அநியாயம்மா என்று சொல்லியிருக்கலாம். எங்கள் சம்பளமே எவ்வளவு என்று கேட்டிருக்கலாம். யோசித்துச் சொல்கிறேன் என்று வெளியே வந்திருக்கலாம், அதற்குக்கூடக் காசா பணமா? ஆனால் அந்த அறையில் ராக்கெட்டின் காதில் விழுந்துகொண்டிருந்தது ஒரே ஒரு எண்தான். சகலை ஐந்து. சகலை ஐந்து. அவனைவிடத் தான் ஒரு பிடியாவது மேலே நிற்க வேண்டும். வேறெதுவும் அவனுக்குத் தோன்றவில்லை.

"ஆறு" என்றான்.

"வாரம் ஆறா?"

"வாரம் ஆறும்மா."

முதலாளியம்மா ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டு கூரையைப் பார்த்துக் கணக்குப் போட்டார். முகம் மெல்ல மெல்லத் தெளிந்தது.

"அப்படின்னா எதுக்கு வண்டிய விக்கணும்? ரெண்டும் ஓடட்டும். ரெண்டு பேருமே இருங்க. ஆளுக்கு வாரம் ஆறு லிட்டர், உங்க பொறுப்பு. அவன்கிட்டயும் நீயே சொல்லிடு. சொந்தக்காரங்க, உங்களுக்குள்ள பேசிக்கிட்டா நல்லாருக்கும்."

ராக்கெட் ஷெட்டுக்கு வந்தபோது பூனை வந்துவிட்டிருந்தான். நடந்து வந்த வேர்வை காயாமல், குனிந்து சக்கரத்தைக் கழுவிக்கொண்டிருந்தான். இன்றைக்குக் கடைசிச் சனிக்கிழமை என்பதால் முகத்தில் களை இல்லை. ராக்கெட் அவனைவிட்டு இரண்டடி தள்ளி நின்றான்.

"சகலை, வண்டிய விக்கலையாம். ரெண்டு பேரும் இருக்கலாமாம்."

பூனை துணியைக் கீழே போட்டுவிட்டு எழுந்தான். "நெசமாவா அண்ணே? நீங்க பேசினீங்களா?" என்று கையைப் பிடித்துக்கொண்டான். ஈரக் கை. அதை உதறவும் முடியாமல், பிடித்துக்கொள்ளவும் முடியாமல் ராக்கெட் மீதியையும் சொன்னான். கேனைப் பார்த்ததைச் சொன்னான். அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது என்றான், எப்படித் தெரிந்தது என்று சொல்லவில்லை. இனிமேல் ஆளுக்கு வாரம் ஆறு லிட்டர் என்றான்.

பூனை கவிழ்த்து வைத்திருந்த வாளிமேல் உட்கார்ந்தான்.

"ஆறா?"

"நீ அஞ்சு ஊத்துறே. கூட ஒண்ணுதானே?"

"யாரு அஞ்சு ஊத்துனா? கேன்தாண்ணே அஞ்சு லிட்டர். நான் வாங்குனது ரெண்டு. அதுக்குமேல எங்க இருக்கு காசு?"

ராக்கெட் மனசுக்குள் கணக்குப் போட்டான். இரண்டு என்றால் ஊற்றாமலே இவனுக்குப் பதினைந்துக்குமேல் வந்திருக்கும். அப்போதும் இவன்தான் முன்னால்.

"அப்புறம் எதுக்குடா ஊத்துன?" என்று கத்தினான்.

"உங்களப் பாத்துத்தாண்ணே." பூனை தலையைக் குனிந்துகொண்டான். "நீங்க ஓட்டுற வேகத்துக்குப் பதினாலுக்கு மேல வர வாய்ப்பே இல்ல. ஆனா முதல் வாரத்துக்கு முன்னாடியே, பதினெட்டு வரைக்கும் கொண்டாந்து காட்டுறேன்னு மாமனார் வீட்டுல எல்லார் முன்னாடியும் சொன்னீங்க. நீங்கதான் ஊத்தப் போறீங்கன்னு நினைச்சேன். பயந்துபோயிட்டேன். எனக்கு ராத்திரியெல்லாம் உங்க மேலதான் பொறாமை."

குழாயிலிருந்து தண்ணீர் வீணாக ஓடிக்கொண்டிருந்தது. பூனை எழுந்துபோய் அதை மூடினான்.

"ஆறுங்கிறது அம்மா சொன்ன கணக்காண்ணே?"

"ஆமா" என்றான் ராக்கெட். "அம்மாதான் சொன்னாங்க."

பூனை அவன் தோளைத் தட்டினான். "விடுங்கண்ணே. வேலை போகலையே, அது போதும். ரெண்டு பேருமாச் சேந்து சமாளிப்போம்" என்று சொல்லிவிட்டு, துணியை எடுத்துப் பிழிந்து, ராக்கெட்டின் வண்டிக் கண்ணாடியையும் சேர்த்துத் துடைக்கத் தொடங்கினான். எல்லாம் கெட்டுக் குட்டிச்சுவரான பிறகும் இவனுக்கு மட்டும் எப்படி இப்படிப் பேச வருகிறது என்று நினைத்தபோது, அந்த நேரத்திலும் ராக்கெட்டுக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.